சர்ஃபாக்டன்ட் போட்டால் அலை வளருமா?

மெல்லேடு கேட்டது:
சாய்தட்டில் வழியும் திரவப் படலத்துக்கு நிலைத்தன்மைக் கணக்கு போட்டேன். 30 பாகைச் சாய்வில், சராசரி வேகத்தை வைத்தால், அலை தொடங்கும் ரெனால்ட்ஸ் எண் (பாகு விசையோடு ஒப்பிட்டால் நிலைமம் எவ்வளவு என்பது) 1.44. பாடநூல் விடையும் அதுதான். சர்ஃபாக்டன்ட் (சோப்பு மாதிரி, பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்) சேர்த்தால் அந்த எண் ஏறுகிறது. இதுவரை சரி. அப்புறம் அதே நிரலை, இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஒன்றின்மேல் ஒன்றாக ஓடும் இரண்டு திரவங்களுக்கு மாற்றினேன். மேல்தட்டு நகர்கிறது, அடர்த்தி ஒன்றே, ரெனால்ட்ஸ் எண் சுழியம். சர்ஃபாக்டன்ட் இல்லாதபோது அலை தேய்கிறது. போட்டதும் வளர்கிறது! எங்காவது குறி மாறிவிட்டதா?

அலைவழி:
குறியைத் தேடி ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஆய்வாளர்கள் பிரெங்கலும் ஹால்பெர்னும் 2002-இல் காட்டியது இதைத்தான். 1967-இல் யீ சொன்ன பாகுநிலை வேறுபாட்டு அலைக்குக் கொஞ்சமாவது நிலைமம் வேண்டும். இதற்கு அதுவும் வேண்டாம். இரு திரவங்களும் தொடும் இடைமுகத்தில் ஷியர், அதாவது உயரத்தோடு வேகம் மாறுவது, இருந்தால் போதும்.

உங்கள் படலத்தின் மேலே காற்று. அங்கே ஷியர் சுழியம். இரண்டு திரவம் என்றால் அப்படியில்லை: மேலே போகப் போக வேகம் கூடுகிறது. அதனால் இடைமுகம் மேடாகும் இடம் முந்துகிறது, பள்ளம் பிந்துகிறது. மேட்டின் முன்பக்கம் சர்ஃபாக்டன்ட் நெருங்குகிறது, பின்பக்கம் கலைகிறது. பின்னால் பரப்பு இழுவிசை அதிகம் என்பதால் மரங்கோனி விசை (இழுவிசை வேறுபாட்டால் வரும் விசை) மேட்டைப் பின்னோக்கி இழுக்கிறது, ஒட்டியுள்ள திரவமும் கூடப் போகிறது. தடிமன், பாகுநிலை விகிதங்கள் வாய்த்தால் அலை வளரும். எல்லா விகிதத்துக்கும் வளராது.

சர்ஃபாக்டன்ட் சமன்பாட்டில், அடிப்படை ஓட்டத்தின் ஷியரை இடைமுக ஏற்றத்தால் பெருக்கிய உறுப்பு இருக்கிறதல்லவா? பலர் விட்டுவிடுவது அதைத்தான். அதை நீக்கிப் பாருங்கள், வளர்ச்சி காணாமல் போகும். இன்னொரு சோதனை: தட்டை நிறுத்தி அழுத்தத்தால் ஓட்டுங்கள். இரண்டுக்கும் ஒரே பாகுநிலை கொடுத்து இடைமுகத்தைச் சரிநடுவில் வையுங்கள். ஷியர் போய்விடும், எல்லா அலையும் தேய வேண்டும்.

கண்ணாடிக்குடுவை:
கணக்கு வரை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆய்வகத்தில் பாத்திரம் துலக்கும் சோப்பை ஊற்றி இதை எதிர்பார்க்காதீர்கள். சோப்பு திரவத்துக்குள் கரையும், பரப்புக்கு வந்து வந்து போகும், இழுவிசை வேறுபாடு மழுங்கிவிடும். மேலே லேசான திரவம் இருந்தால் புவியீர்ப்பும் நீண்ட அலைகளை அடக்கும்.

மெல்லேடு:
நடுவில் வைத்து ஓட்டினேன் சார், எல்லாம் தேய்கிறது. உறுப்பும் விடுபடவில்லை. அடுத்து அடர்த்தி வேறுபாட்டைச் சேர்க்கிறேன்.