பட்டும் பாட்டும் ஒன்றாகவே கேட்கிறது என்கிறான்: வழி சொல்லுங்கள்

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். மகன் மூன்றாம் வகுப்பு. டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு என்று சென்ற மாதம் உறுதி செய்தார்கள். செவித்திறன் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை.

நேற்று நான் "பட்டு" என்றேன். "பாட்டு" என்று எழுதினான். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னேன். என் உதட்டையே உற்றுப் பார்த்துவிட்டு, "இரண்டும் ஒன்றுதானே அம்மா" என்றான். மின்விசிறியை நிறுத்திய பிறகு ஓரளவு சரியாகச் சொன்னான். காதில் விழுவது வேறு, ஒலிகளைப் பிரித்தறிவது வேறு என்பது இப்போதுதான் புரிகிறது. இது தெரியாமல் இரண்டு வருடமாகக் கவனமில்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன். நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது.

குறில் நெடில், ல ள ழ என்று தமிழ் ஒலிகளை வைத்தே பயிற்சி தரும் பேச்சுப் பயிற்சியாளர் கடலூரிலோ புதுச்சேரியிலோ இருக்கிறாரா? எங்களுக்குக் கிடைத்த பயிற்சித் தாள்கள் எல்லாம் ஆங்கிலச் சொற்கள். அவை அவனுக்கு இன்னொரு சுமை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் உண்டு. அதற்கான சான்றிதழைக் கடலூரிலேயே வாங்கினீர்களா, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை வரை போனீர்களா? வீட்டில் செய்து பலன் கண்ட பயிற்சி இருந்தால் அதையும் எழுதுங்கள். சனி, ஞாயிறு எங்கே வரச் சொன்னாலும் அழைத்து வருகிறேன்.