ஆற்றங்கரை முகத்துவாரம்: கடல் ஏறுகிறதா, குழாய் இறங்குகிறதா?

வைகை கடலில் சேரும் ஆற்றங்கரையில், முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு நீர்மட்டக் கருவி வைத்திருக்கிறேன். அழுத்தத்தை அளக்கும் வகை, 10 மீட்டர் ஆழம் வரை தாங்கும். சேற்றில் அடித்த இரும்புக் குழாயில் கட்டியிருக்கிறது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து, ஓதங்களை (கடலின் அன்றாட ஏற்ற இறக்கங்களை) சராசரியாக்கிய பிறகும், அது காட்டும் நீர்மட்டம் வாரம் 2 செ.மீ. கூடுகிறது. குழாய் சேற்றில் இறங்கினாலும் கருவி இப்படித்தான் காட்டும். 7 வாரத்தில் 14. ஆற்றில் தண்ணீரே வரவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கரையில் கடல்மட்டம் உயர்வது வழக்கம்தான், ஆனால் இவ்வளவு சீராகவா?

கருவியில் ஒட்டிய கொட்டலசை (ஓடுள்ள சிறு கடலுயிர்) சுரண்டினேன். காற்றழுத்தத்தைக் கழித்தேன் (1 மில்லிபார் என்றால் சுமார் 1 செ.மீ.). வாளியில் முக்கினால் அளவு சரி. அப்புறம், குழாயின் உயரத்தை ஒப்பிட வைத்திருந்த குறிக்கல்லை யாரோ வலைக்குப் பாரமாகத் தூக்கிப்போய்விட்டார்கள்!

நிலையான குறி இல்லாத சேற்றுக் கரையில், குழாய் இறங்கியதையும் கடல் ஏறியதையும் எப்படிப் பிரித்தறிவது?