வீட்டருகே செல்போன் கோபுரம்: கர்ப்பிணிக்குக் கெடுதலா?

பெரியபட்டினத்து மகள்:
எங்கள் கொல்லையிலிருந்து நாற்பது அடி தள்ளி, பக்கத்துத் தோப்பில் செல்போன் கோபுரம் நிற்கிறது. தங்கை தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், ஏழாம் மாதம். அம்மா அவளைத் துணி உலர்த்தக்கூடக் கொல்லைக்கு விடுவதில்லை. தென்னையில் குரும்பை கொட்டுவதும் சிட்டுக்குருவி காணாமல் போனதும் கோபுரத்தால்தான் என்று தெருவில் பேச்சு. வலையில் சூடை மீன் குறைந்ததற்கும் அதுதான் காரணம் என்கிறார் மாமா. தங்கையை வேறு வீட்டில் வைக்க வேண்டுமா?

பாம்பன் வயர்லெஸ்:
வேண்டாம் சகோதரி. இருபத்திரண்டு ஆண்டுகளாக விசைப்படகுகளின் வயர்லெஸ் பெட்டிகளைப் பழுது பார்க்கிறேன். கோபுரம் வீசுவதும் அதே ரேடியோ அலைதான். அது என்ன செய்யும் என்பதை என் விரலிலேயே பார்த்திருக்கிறேன். ஆண்டெனா முனையை நான் பிடித்திருந்த நேரத்தில், கீழே இருந்த பையன் பேசும் பொத்தானை அழுத்திவிட்டான். வெறும் 25 வாட். சுட்டுவிரல் நுனியில் மிளகளவு வெள்ளைப் புள்ளி. மேல்தோல் கருகவில்லை, உள்ளே வெந்திருந்தது. ஆற மூன்று வாரம் பிடித்தது. அதே ஆண்டெனாவுக்குப் பத்து அடி தள்ளி நின்று இரவெல்லாம் பேசுகிறவர்களுக்கு வெதுவெதுப்புக்கூடத் தெரிவதில்லை.

இந்த அலை எக்ஸ்ரே போல உடலணுவைச் சிதைக்காது. அளவு மிஞ்சினால் சூடாக்கும். தூரம் இரட்டித்தால் அலையின் வலு நான்கில் ஒரு பங்காகிவிடும். பாம்பன் கலங்கரை விளக்கின் ஒளி அதன் காலடியிலா விழுகிறது? கோபுர ஆண்டெனாவும் அப்படித்தான், தொலைவை நோக்கியே வீசுகிறது. கோபுர அலைக்கு நம் நாட்டில் உள்ள வரம்பை, சர்வதேச வரம்பில் பத்தில் ஒன்றாக 2012 செப்டம்பரில் அரசு குறைத்தது: 1800 மெகாஹெர்ட்ஸ் செல்போன் அலைவரிசையில் சதுர மீட்டருக்கு 0.9 வாட்.

நான் கவலைப்படுவது காதில் ஒட்டியிருக்கும் கைபேசியைப் பற்றி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் ரேடியோ அலைகளைப் 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை' என்ற பிரிவில் வைத்தபோது, முக்கியமாகப் பார்த்தது கைபேசியைக் காதில் வைத்து நெடுநேரம் பேசுகிறவர்களைத்தான். அந்தச் சான்றும் குறைவானதே. சிக்னல் மங்கினால் கைபேசி கூடுதல் வலுவோடு அலை அனுப்பும். ஆகவே தங்கை ஸ்பீக்கரில் பேசட்டும்.

அரிச்சல்முனை ஆசிரியர்:
கடல்நீர் உப்பால் மின்சாரம் கடத்துவது. செல்போன் அலை அதில் சில சென்டிமீட்டர் போவதற்குள் அடங்கிவிடும், மீனைத் தொடாது. சூடை குறைந்தால், மீனை வாரிக்கொண்டு போகும் இழுவைமடி வலையைக் கேளுங்கள். குரும்பை கொட்டினால் மண்ணில் போரான் சத்தையும் தண்ணீரையும் பாருங்கள். ஓட்டு வீடுகள் போய்க் காரை வீடுகள் வந்தபின் குருவிக்குக் கூடு கட்ட இடுக்கு ஏது?

ஆனால் பறவைகளுக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. நகர மின்கருவிகள் கிளப்பும் ரேடியோ அலை இரைச்சலில் ராபின் பறவைகள் திசை தடுமாறின. அலைகளைத் தடுக்கும் அலுமினியத் தகட்டால் அறையை மூடியதும் திசை கண்டுகொண்டன. அது மத்திய அலை வானொலியின் பக்கத்து அலைவரிசை, செல்போனுடையது அல்ல. தனுஷ்கோடிக்கு வரும் பூநாரைகளைப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது.

பெரியபட்டினத்து மகள்:
நன்றி அண்ணா, ஐயா. மாமாவிடம் உப்புத் தண்ணீர் விஷயத்தைச் சொன்னேன், பதில் பேசவில்லை. அம்மா இன்னும் நம்பவில்லை. அளந்து காட்டச் சொல்ல வழி உண்டா? இன்னொன்று, மின்வெட்டின்போது கோபுரத்து டீசல் ஜெனரேட்டர் புகை நேராகத் தங்கை படுக்கும் அறைக்குள் வருகிறது. அவளுக்குக் குமட்டுகிறது.

பாம்பன் வயர்லெஸ்:
தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' தளத்தில் உங்கள் கோபுரத்தைத் தேடுங்கள். கட்டணம் கட்டினால் வீட்டுக்கே வந்து அளப்பார்கள். அம்மாவையும் பக்கத்தில் நிற்க வையுங்கள். ஆனால் முதலில் அந்தப் புகைக்கு மனு எழுதுங்கள். கர்ப்பிணிக்கு டீசல் புகை நிச்சயமாகக் கெடுதல். அதுவரை மின்சாரம் போகும்போது தங்கையை முன்பக்கத்து அறைக்கு மாற்றுங்கள்.