பெட்லம் என்றால் என்ன? (வீட்டு வாட்ஸ்அப் குழு)

நிலா: பெரியப்பா, ஆங்கிலப் பாடத்தில் 'பெட்லம்' என்று ஒரு சொல். அகராதியில் 'கூச்சல் குழப்பம்' என்று போட்டிருக்கிறது. வாக்கியத்தில் அமைக்க வேண்டும். டீச்சர் வெளியே போனால் எங்கள் வகுப்பு பெட்லம் என்று எழுதவா?

பெரியப்பா: பொருள் சரிதான் கண்ணு. ஆனால் அது லண்டனில் ஒரு மருத்துவமனையின் பெயர். 1247-இல் பெத்லகேம் மாதா பெயரில் மடமாகத் தொடங்கியது. பேச்சுவழக்கில் தேய்ந்து பெட்லம் ஆகிவிட்டது.

அக்கா: ஏசு பிறந்த பெத்லகேமா?

பெரியப்பா: அதே பெயர்தான் அம்மா. 1400-களின் தொடக்கத்திலேயே அங்கே மனநோயாளிகள் இருந்தார்கள். பிறகு நடந்ததுதான் கொடுமை. ஊர்க்காரர்கள் உண்டியலில் காசு போட்டுவிட்டு உள்ளே போய் நோயாளிகளை வேடிக்கை பார்த்தார்கள். 1770-இல்தான் அதற்குக் கட்டுப்பாடு வந்தது.

பெரியப்பா: 1814-இல் ஜேம்ஸ் நோரிஸ் என்ற நோயாளியைக் கண்டுபிடித்தார்கள். கழுத்தில் இரும்பு வளையம், உடம்பைச் சுற்றி இரும்புப் பட்டை. பல ஆண்டுகளாக அப்படியே கம்பத்தோடு கட்டி வைத்திருந்தார்கள். மறு ஆண்டு நாடாளுமன்றக் குழு விசாரித்தது.

சித்தி: அப்படிக் கட்டி வைத்தால் யார்தான் கத்த மாட்டார்கள்? அந்தக் கதறலைத்தான் வெளியே இருந்தவர்கள் 'கூச்சல்' ஆக்கிவிட்டார்கள்.

மாமா: நம் ஊரில் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சொல்வார்களே, அந்த மாதிரி.

சித்தி: அதேதான் அண்ணா. எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. சென்னையில் 1794-இல் தொடங்கிய மருத்துவமனை அது, கீழ்ப்பாக்கத்துக்கு 1871-இல் வந்தது. அங்கே போய்க் குணமாகி வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. பெயரைச் சொன்னாலே சிரிக்கிறார்கள் என்று எத்தனை வீட்டில் பிள்ளையை டாக்டரிடம் காட்டாமல் மறைக்கிறார்கள்!

அத்தை: எங்கள் மாவட்டத்து ஏர்வாடியை மறக்க முடியுமா? 2001 ஆகஸ்ட் 6. கொட்டகையில் தீப்பிடித்தபோது, மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டியிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் போய்விட்டார்கள்.

அக்கா: லண்டன் மருத்துவமனை இப்போது இருக்கிறதா பெரியப்பா?

பெரியப்பா: இருக்கிறது, 1930-இல் ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார்கள். முறையான மனநல மருத்துவமனை. பழைய கட்டடத்தில் இப்போது போர் அருங்காட்சியகம்.

நிலா: அப்படியென்றால் அந்தச் சொல்லை எழுதக்கூடாதா?

பெரியப்பா: பரீட்சையில் பொருள் கேட்டால் 'கூச்சல் குழப்பம்' என்றே எழுது, மதிப்பெண் போகக்கூடாது.

சித்தி: ஆனால் உன் வகுப்புக்கு அது வேண்டாம் நிலா. 'அப்ரோர்' இருக்கிறது, 'காமோஷன்' இருக்கிறது.

நிலா: சரி சித்தி. வகுப்புக்கு 'அப்ரோர்'. பெட்லத்துக்கு நோரிஸைப் பற்றி எழுதுகிறேன்.

பெரியப்பா: எழுதிவிட்டு இங்கே போடு, பார்த்துத் தருகிறேன்.