பதில் வராத அந்தச் சில நொடிகள்

அமெரிக்க வானொலியின் பழைய நகைச்சுவை நிகழ்ச்சிகள் மீது எனக்குப் பித்துப் பிடித்த கதை, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஓர் இரவில் தொடங்கியது. 1948 மார்ச் 28 அன்று ஒலிபரப்பான ஜாக் பென்னி நிகழ்ச்சியின் பதிவைக் கைப்பேசியில் ஓடவிட்டிருந்தேன். கதைப்படி பக்கத்து வீட்டுக்காரரான நடிகர் ரொனால்ட் கோல்மனின் ஆஸ்கர் விருதை இரவல் வாங்கிக்கொண்டு பென்னி வீடு திரும்புகையில், வழிப்பறிக்காரன் ஒருவன் மறித்து, பணமா உயிரா என்று மிரட்டுகிறான். பதில் இல்லை. பதிவுதான் நின்றுவிட்டது என்று எண்ணி ஈரக் கையைத் துடைக்கப் போனேன். அதற்குள் அரங்கில் சிரிப்பு கிளம்பிப் பெருகியது. திருடன் மறுபடி அதட்டிய பிறகே, யோசித்துக்கொண்டிருப்பதாகப் பென்னி எரிந்து விழுகிறார்.

அந்த மௌனத்தின் அருமை, மேலும் பல நிகழ்ச்சிகளைக் கேட்ட பிறகே எனக்கு விளங்கியது. 1932இல் வானொலிக்கு வந்த பென்னி, எச்சில் கையால் காக்கை ஓட்டாத கஞ்சனாகத் தம்மைக் கொஞ்சம் கொஞ்சமாக வார்த்தெடுத்திருந்தார். வீட்டுக்கு அடியில் பணப் பெட்டகம், வெளியுலகச் செய்தியே எட்டாமல் அங்கே காவல் இருக்கும் கிழவர், மாற்ற மனம் வராத மாக்ஸ்வெல் கார் என்று எல்லாமே நேயர்களுக்கு அத்துப்படி. அந்தக் கஞ்சன் ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்ததெல்லாம் அந்தச் சில நொடிகளில் செலவானது என்றே சொல்வேன்.

அந்தக் காரின் இருமலும் விக்கலும் மெல் பிளாங்க் என்ற கலைஞரின் தொண்டையிலிருந்து வந்தவை என்று அறிந்தபின் இன்னும் கூர்ந்து கேட்கத் தொடங்கினேன். ‘ஃபிப்பர் மெகீ அண்ட் மாலி’ நிகழ்ச்சியில் அலமாரிக் கதவைத் திறந்ததும் தட்டுமுட்டுச் சாமான்கள் அனைத்தும் சரிந்து விழும் ஓசையும், எல்லாம் ஓய்ந்த பிறகு கடைசியாகச் சிணுங்கும் சிறு மணியும் எனக்கு இன்றும் சலிக்கவில்லை. பொம்மையைப் பேசவைக்கும் எட்கர் பெர்கன், உதட்டசைவு தெரியாத வானொலியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தது தனி வேடிக்கை.

எல்லாவற்றையும் ரசிக்க முடிவதில்லை. வெள்ளையர் இருவர் கறுப்பினத்தவராகக் குரல் மாற்றிப் பேசிய ‘ஏமஸ் அண்ட் ஆண்டி’யை நான் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். பென்னியின் பணியாளர் ராச்செஸ்டராக நடித்த எடி ஆண்டர்சன் கறுப்பினத்தவரே. முதலாளியை அவர் மடக்கும் இடங்கள் அருமையானவை என்றாலும், தொடக்க கால நிகழ்ச்சிகளில் அவருக்குத் தரப்பட்ட சில வசனங்கள் உறுத்துகின்றன.

என் தம்பிக்கு அந்த வழிப்பறிக் காட்சியை மட்டும் போட்டுக் காட்டினேன். “அவர் ஏன் பேசாமல் இருக்கிறார்?” என்று கேட்டான். இப்போது முந்தைய நிகழ்ச்சிகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்கவைத்துக்கொண்டிருக்கிறேன். பெட்டகக் காவலாளி வரை வந்துவிட்டான்.