புதுப்பிப்பு: தாத்தாவின் ராலே சைக்கிள் மேடு ஏறிவிட்டது

குன்னூரிலிருந்து அருவங்காடு ஏற முடியாமல் தாத்தாவின் பழைய ராலேயைத் தள்ளிக்கொண்டு போகிறேன், எதை மாற்றலாம் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி பின்பக்கப் பல்சக்கரத்தை மட்டும் மாற்றினேன். 18 பல்லுக்குப் பதில் 22. முன்பக்கம் அதே 46. பின்சக்கரத்தின் நடுவில் கியர்களை உள்ளடக்கிய ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப்பைத் தொடவில்லை. அவ்வளவு நல்ல பொருளைக் கழற்றி எறிய மனம் வராது.

பல்சக்கரத்தைப் பிடித்திருந்த கம்பி வளையத்தைத் திருப்புளியால் நெம்பியதும் துள்ளிப் பறந்து, சுவரில் மோதி விழுந்தது. துணியைப் போர்த்திக்கொண்டு நெம்புங்கள். செயினையும் ஓர் அங்குலம் நீட்ட வேண்டியிருந்தது.

முதல் கியரில் மிதி ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் முன்பு ஏறத்தாழ 1.9 சுற்று சுற்றும், இப்போது 1.6. மிதிப்பது அந்த அளவுக்கு இலகுவானதை முழங்கால் உடனே உணர்ந்தது. மூன்றாவது கியர் பழைய இரண்டாவதைவிடச் சற்றே கனம், சமதளத்துக்குத் தாராளம். நேற்று ஓரிடத்திலும் இறங்காமல் ஏறினேன். அனைவருக்கும் நன்றி.