மீயொலிப் பயிற்சி: சிமுலேட்டருக்கும் ஃபாண்டத்துக்கும் ஒரே சொல் போதுமா?

வணக்கம்.

பணியில் உள்ள மருத்துவர்களுக்கான மீயொலி (அல்ட்ராசவுண்ட்) பயிற்சிக் கையேட்டு வரைவில் சிமுலேட்டர், ஃபாண்டம் இரண்டுமே ‘போலி உடல்’ என்று வந்திருக்கின்றன. இவற்றைப் பிரித்தே ஆக வேண்டும்.

சிமுலேட்டரில் மீயொலியே கிடையாது. பொம்மையின் மேல் புரோபை (ஸ்கேனில் உடல்மேல் வைத்து நகர்த்தும் கைக்கருவியை) வைத்ததும் அதன் இடத்தையும் சாய்வையும் உணரி அறிகிறது. அதற்கேற்ற படத்தைக் கணினி காட்டுகிறது. ஜெல் தேவையில்லை. அரிய நோயின் படத்தைக்கூட நினைத்தபோது வரவழைக்கலாம்.

ஃபாண்டத்தில் கருவியும் ஒலியும் மெய். திசு மட்டுமே மாற்று. ஒரு லிட்டர் நீருக்கு 100 கிராம் ஜெலட்டின், இரண்டு மேசைக்கரண்டி இசப்கோல் உமி, நடுவே இரத்தக் குழாய்க்குப் பதிலாக நீர் நிரப்பிய நீளமான பலூன். உமி இல்லாவிட்டால் ஒலியைச் சிதறடிக்க ஒன்றுமிருக்காது, படம் கறுத்துப்போகும். காற்றுக் குமிழி தங்கினால் அதன் கீழே நிழல் விழும். குத்திப் பழகிய ஊசியின் தடமும் மறையாது. அடுத்தவர் ஊசி முனையைத் தேடாமல் பழைய தடத்தைப் பார்த்தே குத்திவிடுவார். உருக்கி மறுபடி வார்க்க வேண்டும்.

என் முன்மொழிவு: முன்னதற்குப் ‘பாவனைக் கருவி’, பின்னதற்குப் ‘போலித்திசு’.

—

மறுமொழி:

பிரிக்க வேண்டும் என்பதில் முழு உடன்பாடு, ஐயா. சொற்களில்தான் தயக்கம்.

> பாவனைக் கருவி

இலங்கைத் தமிழில் பாவனை என்றால் பயன்பாடு. அங்கே இது ‘பயன்படுத்தும் கருவி’ என்றே படும்.

> போலித்திசு

முதற்போலி, கடைப்போலி என இலக்கணத்தில் இச்சொல்லுக்கு இழுக்கில்லை. ஆனால் மருத்துவம் என்றதும் ‘போலி மருத்துவர்’தான் நினைவுக்கு வரும். ‘ஒப்பு’ என்று மாற்றினாலோ, ஒப்புக்குச் செய்தது போலாகிவிடும்.

‘மெய்நிகர்’ ஏற்கெனவே வழக்கில் நிலைத்துவிட்டது. அந்த ‘நிகர்’ இங்கும் உதவும்: நிகர்ப்பு, நிகர்ப்பி, நிகர்த்திசு. செயல், கருவி, பொருள் மூன்றும் ஒரே வேரில் அமைகின்றன. காணொளியும் நேரடி அமர்வும் சேர்ந்த கலப்பு முறைப் பயிற்சிக்கு ‘விரவுப் பயிற்சி’ எனலாம். இரு திணைக்கும் பொதுவான பெயரைக் குறிக்கும் ‘விரவுப்பெயர்’ தொல்காப்பியத்திலேயே உண்டு.

விரவும் வரிசையையும் கையேடு தெளிவாகச் சொல்லட்டும். காணொளிப் பாடத்தை அவரவர் நேரத்தில் முடித்துவிட்டு வரட்டும். நேரில் கூடும் நேரம் முழுதும் கைக்கே. படத்தை இனங்காண நிகர்ப்பி; கெயின் (எதிரொலியைப் பெருக்கும் அளவு), ஆழம், ஊசி முனை ஆகியவற்றுக்கு நிகர்த்திசு, பிறகு மேற்பார்வையில் நோயாளி. கடைசிப் படியைத் தள்ளிப்போடக் கூடாது. மூடிய பலூன் லேசில் நசுங்காது என்பதால் கை அழுத்திப் பழகிவிடும். அதே அழுத்தத்தில் நோயாளியின் சிரை தட்டையாகித் திரையிலிருந்தே மறைந்துவிடும். ஒரே நாளில் எல்லாவற்றையும் திணிக்காமல் வாரத்துக்கு ஒரு குறு அமர்வாகப் பிரித்தால் கை மறக்காது.

இன்னொன்று: வரைவில் புரோபின் இரு அசைவுகளுக்கும் ‘சாய்த்தல்’ என்றே இருக்கிறது. வைத்த இடம் மாறாமல் அகலவாட்டில் சாய்ப்பதை ‘விசிறல்’ என்றும், நீளவாட்டில் ஆட்டுவதைத் ‘தொட்டிலாட்டல்’ என்றும் பிரிக்கலாமா? முதலாவதில் வெட்டுத்தளம் மாறும். இரண்டாவதில் அதே தளத்தில் பார்வை மட்டும் பக்கவாட்டில் நகரும்.